பத்து வருட லாபத்தை வைத்து ஒரு பங்கின் விலையை எடைபோடுவது எப்படி?

ஓர் உருக்கு நிறுவனத்தின் பிஇ விகிதம் (பங்கின் விலையை ஒரு பங்குக்கான ஒரு வருட லாபத்தால் வகுத்தது) 5 என்று திரையில் பார்த்ததும், அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறதே என்று கை பரபரக்கும். அந்த 5 எப்படி வந்தது என்று தோண்டினால் கதை வேறு. பெரும்பாலும் பங்கின் விலை இறங்கியதால் வந்திருக்காது. உருக்கு விலை உச்சத்தில் இருந்த ஒரு வருடத்தில் லாபம் நாலு மடங்கு எகிறியதால் வந்திருக்கும். அடுத்த வருடம் லாபம் பழைய இடத்துக்குத் திரும்பினால், விலை ஒரு பைசா ஏறாமலேயே அதே பங்கின் பிஇ 20 ஆகிவிடும். தொழில் படுத்துக் கிடக்கும் வருடத்தில் நேர்மாறு. லாபம் கரைந்து பிஇ 60 என்று காட்டும். நஷ்டம் என்றால் பிஇயே இருக்காது. வாங்க வேண்டிய நேரத்தில் விலை அதிகம் என்றும், ஒதுங்க வேண்டிய நேரத்தில் மலிவு என்றும் சொல்லும் கணக்கு அது.

கோளாறு மேலே இருக்கும் விலையில் இல்லை, கீழே இருக்கும் லாபத்தில். ஒரு வருட லாபத்துக்குப் பதில் பத்து வருட லாபத்தின் சராசரியைப் போட்டால் நல்ல காலமும் கெட்ட காலமும் சேர்ந்தே உள்ளே வந்துவிடும். 1934-லேயே முதலீட்டு ஆய்வாளர்கள் பெஞ்சமின் கிரஹாமும் டேவிட் டாடும், ஐந்து வருடத்துக்குக் குறையாமல், முடிந்தால் ஏழு அல்லது பத்து வருடச் சராசரி லாபத்தைப் பார்க்கச் சொன்னார்கள். 1988-ல் பொருளாதார அறிஞர்கள் ஜான் கேம்ப்பெல், ராபர்ட் ஷில்லர் இருவரும் அதில் பணவீக்கத்தையும் சேர்த்தார்கள். பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு டாலர் லாபமும் இன்றைய ஒரு டாலர் லாபமும் ஒன்றல்ல. எல்லா வருடத்தையும் இன்றைய பண மதிப்புக்கு மாற்றிய பிறகே சராசரி எடுக்க வேண்டும். அந்தச் சராசரியால் விலையை வகுத்தால் வருவதுதான் கேப் விகிதம். ஷில்லர் பிஇ என்றும் சொல்வார்கள்.

2009 மார்ச் மாதத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களின் பங்கு விலையைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு 676-க்கு இறங்கியிருந்தது. 2008-ன் கடைசிக் காலாண்டில் அந்தக் குறியீட்டில் இருந்த நிறுவனங்கள் மொத்தமாகக் கூட்டினால் நஷ்டம். கடந்த 12 மாத லாபத்தை வைத்துப் போட்ட பிஇ அந்த வசந்த காலத்தில் 100-ஐத் தாண்டியது. கேப் 13-ஐ ஒட்டி நின்றது. விலை மலிவாக இருக்கிறது என்பதை இரண்டில் எது காட்டியது என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் கேப் குறியீட்டுக்காகப் பிறந்த விகிதம் என்பதை மறந்துவிடக் கூடாது. 500 நிறுவனங்களைக் கூட்டும்போது ஒருவரின் போனஸ் பங்கு (இருக்கும் பங்குக்கு இலவசமாகக் கொடுக்கும் பங்கு), இன்னொருவரின் இணைப்பு, மூன்றாமவரின் ஒரு தடவை நஷ்டம் எல்லாம் ஓரளவு ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போகும். தனிப் பங்கில் அந்த வசதி இல்லை. சூத்திரம் ஐந்து நிமிட வேலை. பத்து எண்களையும் சுத்தம் செய்வதுதான் அரை நாள் வேலை.

எடுத்து வைக்க வேண்டியவை

கடைசிப் பத்து நிதியாண்டுகளின் ஆண்டறிக்கைகள், அந்த ஆண்டுகளுக்கான நுகர்வோர் விலைக் குறியீடு, இன்றைய பங்கு விலை. இவ்வளவுதான்.

ஆண்டறிக்கையில் எடுக்க வேண்டியது, துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கில் உள்ள டைல்யூட்டட் இபிஎஸ். இபிஎஸ் என்பது ஒரு பங்குக்கான லாபம். தாய் நிறுவனத்தின் தனிக் கணக்கை எடுத்துவிட்டால், பாதி லாபம் துணை நிறுவனத்தில் வரும் இடங்களில் விகிதம் கன்னாபின்னாவென்று ஏறும். டைல்யூட்டட் என்பது, ஊழியர்களுக்குக் கொடுத்த ஆப்ஷன்களும் மாற்றத்தக்க கடன் பத்திரங்களும் நாளை பங்குகளாக மாறினால் ஒரு பங்குக்கு எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கு. நிறுவனம் தானே வெளியிடும் 'சரிசெய்யப்பட்ட' லாபம் வேண்டாம். அதில் சரிசெய்யப்படுவது பெரும்பாலும் ஒரே திசையில்தான் இருக்கும்.

ஒவ்வொரு ஆண்டறிக்கையிலும் முந்தைய வருட எண்ணும் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். கணக்கு முறை மாறியோ தவறு திருத்தப்பட்டோ இருந்தால், 2019 அறிக்கையில் உள்ள 2018-ன் எண்ணும் 2018 அறிக்கையிலேயே உள்ள எண்ணும் வேறுபடும். பிந்தைய அறிக்கையில் உள்ளதை எடுங்கள், ஏன் மாறியது என்று குறிப்பில் பாருங்கள்.

விலைக் குறியீட்டில் கவனிக்க வேண்டியவை மூன்று. நிறுவனம் எந்த நாணயத்தில் கணக்கு எழுதுகிறதோ அந்த நாட்டின் குறியீட்டை எடுக்க வேண்டும். பங்கு வேறு நாணயத்தில் வர்த்தகமானால், விலையைக் கணக்கு நாணயத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இபிஎஸ்ஸை வருடா வருடம் மாற்றக் கூடாது, மாற்றினால் செலாவணி ஏற்ற இறக்கம் உள்ளே புகுந்துவிடும். இரண்டாவது, நிதியாண்டு டிசம்பரில் முடியாவிட்டால், அந்த நிதியாண்டின் 12 மாதக் குறியீட்டுச் சராசரியைத் தனியாகப் போட வேண்டும். மூன்றாவது, அடிப்படை ஆண்டு. புள்ளியியல் துறைகள் அவ்வப்போது அடிப்படை ஆண்டை மாற்றி 100-லிருந்து புதிதாகத் தொடங்கும். பழைய தொடரின் 140-ஐயும் புதிய தொடரின் 104-ஐயும் அப்படியே அடுத்தடுத்து வைத்தால் பணவீக்கம் திடீரென்று மைனஸில் போனது போலக் கணக்கு வரும். துறை வெளியிடும் இணைப்புக் காரணியால் பெருக்கி ஒரே தொடராக்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1982-84 சராசரி 100 என்ற தொடரே இன்னும் ஓடுவதால் இந்தத் தலைவலி இல்லை.

பத்து எண்களைச் சுத்தம் செய்வது

முதலில் பங்கு பிரிப்பும் போனஸும். இன்றைய விலை இன்றைய பங்கு ஒன்றுக்கானது. பழைய இபிஎஸ் பழைய பங்கு ஒன்றுக்கானது. ஆப்பிளின் 2013 நிதியாண்டு அறிக்கையைத் திறந்தால் டைல்யூட்டட் இபிஎஸ் 39.75 டாலர் என்று இருக்கும். 2014 ஜூனில் அங்கே ஒரு பங்கு ஏழானது. 2020 ஆகஸ்டில் ஒவ்வொன்றும் நான்கானது. அதாவது 2013-ல் இருந்த ஒரு பங்கு இப்போது 28. 39.75-ஐ 28-ஆல் வகுத்தால் 1.42 டாலர், கணக்கில் போட வேண்டியது அதைத்தான். இதை விட்டால் சராசரி பல மடங்கு வீங்கி, பங்கு கிட்டத்தட்ட இலவசம் என்று தோன்றும். இணையத் தளங்கள் பெரும்பாலும் இதைச் சரிசெய்தே தருகின்றன என்றாலும், விலையை மட்டும் சரிசெய்து இபிஎஸ்ஸை விட்டுவிடும் தளங்களும் உண்டு. வரிசையில் ஓரிடத்தில் இபிஎஸ் சடாரென்று பாதியாகவோ ஏழில் ஒன்றாகவோ இறங்கியிருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது தொழிலை அல்ல, தரவை. சந்தை விலைக்கு வெகு கீழே வந்த ரைட்ஸ் வெளியீட்டிலும் (இருக்கும் பங்குதாரர்களுக்கே புதுப் பங்கு விற்பது) ஒரு பகுதி போனஸ் ஒளிந்திருக்கிறது. அதற்கான சரிசெய்தலைப் பிந்தைய ஆண்டறிக்கையின் இபிஎஸ் குறிப்பிலேயே காணலாம்.

அடுத்தது பிரிந்து போன தொழில்கள். நிறுவனம் ஒரு பிரிவைத் தனியாகப் பட்டியலிட்டு அதன் பங்குகளைப் பங்குதாரர்களுக்குக் கொடுத்துவிட்டால், இன்றைய விலையில் அந்தப் பிரிவு இல்லை. பழைய வருட லாபங்களில் மட்டும் இருக்கிறது. கேப் பொய்யாகக் குறைந்து தெரியும். பிரிவுவாரிக் கணக்கிலிருந்து அந்தத் தொழிலின் லாபத்தை, வரியை மதிப்பிட்டுக் கழித்து, முந்தைய எல்லா வருடங்களிலும் நீக்க வேண்டும். தனிப் பங்கு கேப் தவறாகப் போகும் இடங்களில் அதிகம் கண்ணில் படாமல் தப்புவது இதுதான், ஏனென்றால் இபிஎஸ் வரிசையில் எந்தச் சத்தமும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும்.

பிறகு ஒரு தடவை வரும் வரவு செலவுகள். நிலம் விற்ற லாபம், வழக்கில் கட்டிய தண்டம், குட்வில்லை (ஒரு நிறுவனத்தை வாங்கும்போது அதன் சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த தொகை) எழுதித் தள்ளியது. 2002-ல் ஏஓஎல் டைம் வார்னர் காட்டிய நஷ்டம் 98 பில்லியன் டாலருக்கு மேல். பெரும்பகுதி குட்வில் எழுதித் தள்ளியதால் வந்தது. பணம் அந்த வருடம் பையை விட்டுப் போகவில்லை என்பது உண்மை. ஆனால் முன்பு அதிக விலை கொடுத்து வாங்கியபோதே போய்விட்டது என்பதும் உண்மைதான். அதனால் இதை ஒரேயடியாக நீக்குவது நிர்வாகத்துக்குக் கொடுக்கும் இலவசப் பாவமன்னிப்பு. வழி என்னவென்றால், கணக்கை இரண்டு முறை போடுங்கள்: அறிக்கையில் உள்ளபடி ஒன்று, ஒரு தடவை விஷயங்களை வரி போக நீக்கி இன்னொன்று. லாபத்தையும் நஷ்டத்தையும் ஒரே அளவுகோலில் நீக்க வேண்டும். பத்து வருடத்தில் மூன்று தடவை 'மறுசீரமைப்புச் செலவு' வந்திருந்தால் அது ஒரு தடவை செலவு இல்லை, அந்தத் தொழிலின் வழக்கமான செலவு, அதை நீக்காதீர்கள்.

வரி மாற்றத்தையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். அமெரிக்காவில் 2017 கடைசியில் வந்த சட்டம் நிறுவன வரியை 2018 முதல் 35 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாக்கியது. ஒத்திவைத்த வரிக் கணக்கை (பின்னாளில் கட்ட வேண்டிய அல்லது மிச்சமாகும் வரி) மறுமதிப்பீடு செய்ததில், 2017-ன் கடைசிக் காலாண்டில் பல நிறுவனங்களின் லாபம் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாமல் ஏறியது அல்லது இறங்கியது. அந்த ஒரு வருடத்தைத் திருத்துவது நியாயம். அதற்கு முந்தைய வருடங்கள் எல்லாவற்றையும் 21 சதவீதத்துக்கு மாற்றி எழுதலாமா என்பது கருத்து வேறுபாடு உள்ள இடம். போட்டி கடுமையான தொழிலில் வரிச் சலுகை நாளடைவில் வாடிக்கையாளருக்கே போய்விடும். அங்கே மாற்றி எழுதாமல் விடுவதே பாதுகாப்பு.

கணக்கு

எக்செல்லில் நான்கு பத்திகள் போதும்: ஆண்டு, இபிஎஸ், அந்த ஆண்டின் விலைக் குறியீடு, இன்றைய மதிப்பில் இபிஎஸ். நான்காவது பத்திக்கான கணக்கு:

இபிஎஸ் × (கடைசி ஆண்டின் குறியீடு ÷ அந்த ஆண்டின் குறியீடு)

கடைசி ஆண்டின் குறியீடு உள்ள கட்டத்தை டாலர் குறி போட்டுப் பூட்டிவிட்டுத்தான் கீழே இழுக்க வேண்டும். பூட்ட மறந்தால் ஒவ்வொரு வரிசையும் வேறு வேறு கட்டத்தை எடுத்துக்கொள்ளும். விடை நம்பும்படியாகவே இருப்பதால் கண்டுபிடிப்பதும் கடினம். சோதனை எளிது: கடைசி ஆண்டின் பெருக்கல் காரணி சரியாக 1 ஆக இருக்க வேண்டும், பின்னோக்கிப் போகப் போகக் கூட வேண்டும்.

ஒரு கற்பனை உருக்கு நிறுவனம். பங்கு விலை 96 டாலர். குறியீடுகள் அமெரிக்காவின் உண்மையான ஆண்டுச் சராசரிகள். காரணியை மூன்று தசமத்தோடு நிறுத்தியிருக்கிறோம்.

2015: இபிஎஸ் 4.00, குறியீடு 237.017, காரணி 1.323, இன்றைய மதிப்பில் 5.29
2016: 3.20, 240.007, 1.307, 4.18
2017: 5.10, 245.120, 1.280, 6.53
2018: 6.80, 251.107, 1.249, 8.49
2019: 5.50, 255.657, 1.227, 6.75
2020: நஷ்டம் 1.50, 258.811, 1.212, நஷ்டம் 1.82
2021: 8.90, 270.970, 1.158, 10.31
2022: 11.40, 292.655, 1.072, 12.22
2023: 9.20, 304.702, 1.029, 9.47
2024: 8.00, 313.689, 1.000, 8.00

கூட்டினால் 69.42. பத்தால் வகுத்தால் 6.94. விலை 96-ஐ 6.94-ஆல் வகுத்தால் கேப் 13.8. கடைசி வருட லாபத்தை வைத்த சாதாரண பிஇ 12.

இதே எண்களில் வழக்கமாக நடக்கும் இரண்டு தவறுகளைச் செய்து பார்க்கலாம். பணவீக்கத்தைச் சேர்க்க மறந்தால் சராசரி 6.06-க்கு இறங்கி, விகிதம் 15.8 ஆகிறது. பங்கு உள்ளதைவிட விலை அதிகமாகத் தெரியும். பணவீக்கம் அதிகமான நாட்டில் இந்த இடைவெளி இன்னும் அகலும். இரண்டாவது தவறு கொஞ்சம் விஷமமானது: நஷ்ட வருடம் 'அசாதாரணமானது' என்று 2020-ஐ நீக்கிவிட்டு ஒன்பதால் வகுப்பது. சராசரி 7.92, விகிதம் 12.1. மோசமான வருடத்தை நீக்கிவிட்டால் பத்து வருடச் சராசரி எடுத்ததற்கே அர்த்தம் இல்லை. நஷ்டம் மைனஸ் குறியோடு உள்ளே இருக்க வேண்டும், அதையும் பணவீக்கக் காரணியால் பெருக்க வேண்டும், வகுப்பது பத்தால்தான். சராசரிக்குப் பதில் இடைநிலை எண்ணை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) எடுப்பதும் இதே தவற்றின் நாகரிகமான வடிவம்.

விலை இன்றையது, குறியீடு 2024-ன் சராசரி என்ற சின்ன முரண் இதில் இருக்கிறது. 2024 டிசம்பர் மாதக் குறியீடு 315.605, அதை எடுத்தால் எல்லா எண்களும் சுமார் 0.6 சதவீதம் கூடும், கேப் 13.8-க்குப் பதில் 13.7-ஐ ஒட்டி வரும். பணவீக்கம் கட்டுக்குள் இருக்கும்போது இதற்காக மெனக்கெட வேண்டாம். ஆண்டுக்கு 30, 40 சதவீதம் ஓடும் நாட்டில் கட்டாயம் கடைசி மாதக் குறியீட்டை எடுக்க வேண்டும்.

விடையை வைத்து என்ன செய்வது

13.8 என்ற எண் தனியாக எதுவும் சொல்லாது. அமெரிக்கச் சந்தையின் 1881 முதலான கேப் சராசரி 17 சுற்றி வரும் என்பதால், 13.8 மலிவு என்று முடிவு கட்டுவது பரவலாக நடக்கும் தவறு. அது ஆயிரம் விதத் தொழில்கள் கலந்த சந்தையின் சராசரி. உருக்குக்கு அது பொருந்த வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பொருத்தமான ஒப்பீடு, அதே நிறுவனத்தின் பழைய கேப். ஒவ்வொரு வருடத்துக்கும் கேப் போட்டுப் பத்துப் புள்ளிகள் பெற வேண்டுமென்றால் இருபது வருடத்துக்குக் கொஞ்சம் குறைய இபிஎஸ் வேண்டும். கிடைத்தால் போடுங்கள். அப்போது பழைய ஒவ்வொரு வருடத்திலும் அன்றைக்கு வெளியாகியிருந்த கணக்கை மட்டுமே எடுக்க வேண்டும். டிசம்பர் விலைக்கு, மார்ச்சில்தான் வெளிவந்த லாபத்தைப் போடக் கூடாது. அதற்கு அடுத்தபடி, அதே தொழிலில் உள்ள நாலைந்து நிறுவனங்களை ஒரே முறையில் கணக்கிட்டு வரிசைப்படுத்தலாம்.

கேப்பைத் தலைகீழாக்கினால் இன்னொரு பயன். 1-ஐ 13.8-ஆல் வகுத்தால் 7.2 சதவீதம். கொடுக்கும் விலைக்குப் பணவீக்கம் போக நிறுவனம் சராசரியாகச் சம்பாதித்துத் தரும் விகிதம் இது. இதை எதோடு ஒப்பிடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சாதாரண அரசுக் கடன் பத்திரத்தின் வட்டியில் பணவீக்கம் உள்ளே இருக்கிறது, 7.2 சதவீதத்தில் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பங்கு உள்ளதைவிட மோசமாகத் தெரியும். பணவீக்கத்தோடு இணைந்த அரசுப் பத்திரத்தின் மெய்யான வட்டியோடுதான் ஒப்பிட வேண்டும். அமெரிக்காவில் 1997 முதல் அப்படிப்பட்ட பத்திரங்கள் உண்டு. மெய் வட்டி 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், இந்தப் பங்கு கூடுதலாகத் தருவது 5.2 சதவீதம். இந்தத் தொழிலின் ஆபத்துக்கு அது போதுமா என்பது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது.

கேப்பைவிட எனக்கு அதிகம் பயன்படுவதாகத் தோன்றுவது அதன் துணைப்பொருள் ஒன்று: இன்றைய இபிஎஸ்ஸைப் பத்து வருட மெய்ச் சராசரியால் (பணவீக்கம் சரிசெய்த சராசரி) வகுப்பது. இங்கே 8.00 ÷ 6.94 = 1.15. லாபம் நீண்டகாலச் சராசரியைவிட 15 சதவீதம் மேலே இருக்கிறது, அவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை. இதே எண் 1.8, 2 என்று வந்தால், சுழற்சித் தொழிலில் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்று எடுத்துக்கொண்டு பிஇயை மூட்டை கட்டி வைத்துவிடலாம். 0.5 என்றால் தொழில் தாழ்ந்து கிடக்கிறது, அல்லது நிரந்தரமாகக் கெட்டுவிட்டது. இரண்டில் எது என்பதை எந்த விகிதமும் சொல்லாது. கடன் சுமையையும், போட்டியாளர்களின் லாபமும் சேர்ந்து விழுந்திருக்கிறதா என்பதையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூடவே ஒரு உறுதிச் சோதனை. மிகச் சிறந்த வருடத்தை மட்டும் நீக்கிப் பாருங்கள். 2022 இல்லாவிட்டால் சராசரி 6.36, விகிதம் 15.1. பெரிதாக அசையவில்லை. நீக்கியதும் 14 என்பது 25 ஆகிவிட்டால், உங்கள் மதிப்பீடு முழுவதும் ஒரே ஒரு வருடத்தின் அதிர்ஷ்டத்தில் நிற்கிறது.

வேகமாக வளரும் நிறுவனம்

இங்கே கேப் நேராக ஏமாற்றும். மெய் லாபம் வருடம் 15 சதவீதம் சீராக வளர்ந்த நிறுவனத்தில், பத்து வருடச் சராசரி இன்றைய லாபத்தில் 58 சதவீதம்தான். பிஇ 20 உள்ள அந்தப் பங்கின் கேப் 34.7 என்று வரும். 3 சதவீதம் வளர்ந்த நிறுவனத்தில் அதே பிஇ 20-க்குக் கேப் 22.8. இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்து முதலாவது விலை அதிகம் என்று தள்ளினால், விலையை அல்ல, வளர்ச்சியைத்தான் தண்டிக்கிறோம்.

வளரும் நிறுவனத்துக்குச் சராசரி எடுக்க வேண்டியது லாபத்தை அல்ல, மார்ஜினை. ஒவ்வொரு வருடமும் நிகர லாபத்தை விற்பனையால் வகுத்து, பத்து வருடச் சதவீதங்களின் சராசரியை எடுங்கள். அதை இன்றைய ஒரு பங்குக்கான விற்பனையால் பெருக்கினால், இந்த அளவு தொழிலுக்கு வழக்கமாக வர வேண்டிய லாபம் கிடைக்கும். மார்ஜின் சதவீதம் என்பதால் பணவீக்கக் காரணி தேவையில்லை. விற்பனை 150 டாலர், சராசரி மார்ஜின் 6 சதவீதம் என்றால் இயல்பு லாபம் 9 டாலர். இந்த வருடம் அறிவித்தது 13 என்றால் அந்தக் கூடுதல் 4 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பொருள் விலை ஏறியதால் விற்பனையே வீங்கியிருக்கும் தொழில்களில் இந்த முறையும் சறுக்கும். அங்கே விற்ற டன் அளவை வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

பைபேக் செய்யும் நிறுவனம்

மெய் லாபம் பத்து வருடமும் 600 மில்லியனிலேயே நிற்கிறது, ஆனால் நிறுவனம் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கியதால் (இதுதான் பைபேக்) அவை 100 மில்லியனிலிருந்து சீராகக் குறைந்து 60 மில்லியன் ஆகிவிட்டன என்று வையுங்கள். இபிஎஸ் 6-லிருந்து 10-க்கு ஏறியிருக்கும், சராசரி 7.70. விலை 150 என்றால் கேப் 19.5. இதையே மொத்தமாகப் பாருங்கள். சந்தை மதிப்பு 9,000 மில்லியன், சராசரி மெய் லாபம் 600 மில்லியன், விகிதம் 15. வளராத தொழிலுக்குச் சரியான விடை 15-தான். ஷில்லரும் பின்னாளில் பங்காதாயம் கொடுப்பதிலிருந்து பைபேக்குக்கு நிறுவனங்கள் மாறியதைக் கணக்கில் எடுத்து, மொத்த வருவாய் அடிப்படையிலான இன்னொரு கேப்பைத் தரத் தொடங்கினார்.

அதற்காக எப்போதும் மொத்தத்தையே எடுத்தால் வேறு பக்கம் அடிபடும். புதுப் பங்குகளைக் கொடுத்து இன்னொரு நிறுவனத்தை இணைத்துக்கொண்ட இடத்தில், பழைய வருட மொத்த லாபத்தில் வந்து சேர்ந்தவரின் லாபம் இல்லை, இன்றைய சந்தை மதிப்பில் இருக்கிறது. அங்கே ஒரு பங்குக்கான கணக்கே சரி. பங்கு எண்ணிக்கை பத்து வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால் இரண்டு வழியிலும் போட்டு, வித்தியாசம் எதனால் என்று தெரிந்துகொண்ட பிறகே முடிவுக்கு வாருங்கள்.

எங்கே இதைத் தொடவே கூடாது

பட்டியலிட்டுப் பத்து வருடம் ஆகாத நிறுவனம், அண்மையில்தான் லாபத்துக்குத் திரும்பிய நிறுவனம், நடுவில் தொழிலையே மாற்றிக்கொண்ட நிறுவனம். துணி நெய்துகொண்டிருந்தவர் இன்று மென்பொருள் எழுதினால் பழைய ஐந்து வருட லாபத்துக்கு என்ன பொருள்? காப்புரிமை முடியப்போகும் மருந்துக் கம்பெனியும், இருப்பு தீரப்போகும் சுரங்கமும் எதிர்ப்பக்கத்து உதாரணங்கள்: பத்து வருடச் சராசரி அருமையாக இருக்கும், வரப்போகும் பத்து வருடம் அப்படி இருக்காது. தரவு ஏழு வருடம்தான் இருக்கிறது, ஆனால் அதற்குள் ஒரு முழு ஏற்றமும் இறக்கமும் அடங்கிவிட்டது என்றால் ஏழை வைத்தே போடலாம். ஏற்றம் மட்டுமே உள்ள ஏழு வருடத்தால் பயனில்லை.

எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்று கேப்பிடம் கேட்காதீர்கள். 1996 டிசம்பர் 3-ஆம் தேதி ஷில்லரும் கேம்ப்பெல்லும் அமெரிக்க மத்திய வங்கியில் சந்தை விலை எல்லை மீறியிருப்பதாக எடுத்துச் சொன்னார்கள். கேப் அப்போது 28 அருகே. எஸ் அண்ட் பி 500 அந்த வாரம் 744-ல் இருந்தது. 2000 மார்ச்சில் 1527-ஐத் தொட்டது. 1999 டிசம்பரில் கேப் 44. 1996-ல் விற்றவர் மூன்று வருடத்துக்கு மேல் ஏற்றத்தை வேடிக்கை பார்த்தார். 2009 மார்ச்சில் குறியீடு அந்த 744-க்கும் கீழே போனது. எச்சரிக்கை தவறவில்லை, ஆனால் அதை வைத்துத் தேதி குறித்திருந்தால் பிழைத்திருக்க முடியாது. குறியீட்டுக்கே இந்த நிலை என்றால் தனிப் பங்கில் கேட்கவே வேண்டாம். எவ்வளவு விலைவரை கொடுக்கலாம் என்ற மேல் வரம்பைப் போட்டுக்கொள்ளவும், எவ்வளவு பணம் போடுவது என்று தீர்மானிக்கவும் இது உதவும்.

வருடா வருடம் புதுப்பிக்கும்போது

புது ஆண்டு முடிவு வந்ததும் மேலே உள்ள பழைய வருடத்தை எடுத்துவிட்டு, கீழே புதியதைச் சேர்க்க வேண்டும். கடைசிக் குறியீடு மாறியதால் நான்காவது பத்தி முழுவதும் மாறும். பழைய விடைகளை மதிப்பாக ஒட்டி வைத்திருந்தால் மாறாது, அங்கேதான் பிசகும். முந்தைய வருடங்களின் பங்கு பிரிப்புச் சரிசெய்தலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வெளியே போகும் வருடத்தை மட்டும் கண்ணில் வைத்திருங்கள். மேலே உள்ள உதாரணத்தில் 2030-ன் கணக்கைச் சேர்க்கும் அன்று 2020-ன் நஷ்டம் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். தொழிலில் எந்த முன்னேற்றமும் இல்லாமல் சராசரி ஒரே நாளில் எகிறும், கேப் இறங்கும். அமெரிக்கக் குறியீட்டில் 2008-09 நஷ்டங்கள் 2018-19-ல் இப்படித்தான் வெளியேறின. ஆகவே, விலை நகராமல் கேப் மட்டும் குறைந்திருந்தால், மலிவாகிவிட்டது என்று எண்ணுவதற்கு முன் எந்த வருடம் வெளியே போனது என்று பாருங்கள். உள்ளே வந்த வருடத்தால் குறைந்ததா, வெளியே போனதால் குறைந்ததா என்பதை இரண்டு எண்களையும் பக்கத்தில் ஒரு கட்டத்தில் குறித்து வைத்தாலே தெரிந்துவிடும்.